குளிர்கால இரவுகளுக்கு ஏழு நாடகங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் தலைநகரில் வாழும் நம்மவரின் மாலைப் பொழுது சுருங்கிப்போகிறது. ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பூங்காவில் நடை பயிலும் பெரியவர்கள் வெயில் தாழுமுன்னே வீடு திரும்பிவிடுகின்றனர். பனியும் புகையும் கலந்த காற்றுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிடுகிறோம். ஜனவரி முற்பகுதியில் பள்ளிகளுக்கும் விடுமுறை. ஆகவே ஆண்டில் வேறெக்காலத்திலும் இல்லாத வகையில் மூன்று தலைமுறையினரும் ஒரே அறையில், ஒரே ஹீட்டரின் முன்னால், ஒரே ரஜாயைப் பகிர்ந்துகொண்டு அமர்ந்திருக்கும் காலம் இது. அமர்ந்திருக்கிறார்கள் என்பது மெய். பேசிக்கொள்கிறார்களா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

சங்க அன்பர்களின் இல்லங்களுக்குச் சந்தா புதுப்பிக்கச் செல்லும்போது நாம் காணும் காட்சி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. பெரிய பெட்டியில் பாட்டியின் தமிழ்த் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். பேரன் கைப்பேசியில் ஆங்கிலத் தொடர் பார்ப்பான். பேத்தி காதில் செருகிக்கொண்டு ஹிந்திப் பாட்டுக் கேட்பாள். தகப்பனார் மடிக்கணினியில் செய்தி வாசிப்பார். தாயார் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தவண்ணம் எல்லாவற்றிலும் பாதி கேட்பார். ஓர் அறையில் நான்கு திரைகள். ஒருவர் பார்ப்பதை மற்றவர் அறியார்.

அன்றாடம் வரும் நெடுந்தொடர்களை ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. பகலெல்லாம் தனித்திருக்கும் முதியோருக்குக் கேட்கக் கிடைக்கும் தமிழ்க்குரல் பல வீடுகளில் அது ஒன்றே. பக்கத்து வீட்டாருடன் ஹிந்தியில் நான்கு வார்த்தை பேசத் தெரியாத ஒரு பெரியவளுக்கு அந்தத் தொடரின் மாந்தர்கள் அண்டை அயலார்போல ஆகிவிடுகின்றனர். ஆயினும் ஆயிரம் பகுதிகளைத் தாண்டியும் முடிவுறாத கதையைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை பார்க்க மாட்டான். பார்க்கச் சொல்வதும் நியாயமன்று. வீட்டார் யாவரும் சேர்ந்து உட்கார்ந்து, தொடங்கி, முடித்து, முடித்தபின் அதைப்பற்றிப் பேசத்தக்க நாடகங்கள் வேண்டும். அத்தகையவை தமிழில் இருக்கின்றன. விளம்பரத்தின் வெளிச்சம் அவற்றின்மேல் போதிய அளவு விழாமையால் நம்மவரில் பலர் அவற்றை அறியாதிருக்கின்றனர். அவற்றுள் ஏழினை இவ்விதழில் எடுத்துக்கூற விழைகின்றோம்.

ஒரு நாடகத்தை அளக்க நாம் கையாளும் அளவுகோல் எளியது. பெட்டியை அணைத்த பிறகு அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? இதுவே அது. இவ்வளவுகோலை நமக்குக் கற்பித்தவர் ஒரு மூதாட்டியார். அவரைப் பற்றி முதல் நாடகத்தோடு சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

அயலி

முத்துக்குமார் இயக்கி, 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வெளிவந்த இத்தொடர் எட்டுப் பகுதிகளைக் கொண்டது. புதுக்கோட்டைச் சீமையில் வீரப்பண்ணை என்றோர் ஊர்; காலம் 1990-ஐ ஒட்டியது. ஊரின் தெய்வம் அயலி. பெண் ஒருத்தி பூப்படைந்துவிட்டால் பள்ளியைவிட்டு நிறுத்தி மணம் முடித்துவிட வேண்டும் என்பதும், மீறினால் தெய்வத்தின் கோபம் ஊரையே அழித்துவிடும் என்பதும் அவ்வூரின் நம்பிக்கை. தமிழ்ச்செல்வி என்ற சிறுமிக்கோ மருத்துவராக வேண்டுமென்ற ஆசை. அவள் பூப்பெய்துகிறாள், பெய்தியதை மறைக்கிறாள். அபி நட்சத்திரா அச்சிறுமியாகவும், அனுமோள் அவளுடைய தாய் குருவம்மாளாகவும் நடித்திருக்கின்றனர்.

இவ்வளவைக் கேட்டதும் இது பிரசார நாடகம் என்று அன்பர்கள் எண்ணிவிடலாகாது. பொய்யொன்றைக் காப்பாற்ற ஒரு சிறுமி படும் பாட்டில் நகைச்சுவை நிறைய இருக்கிறது. அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பும் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அரக்கர்களாகக் காட்டப்படவில்லை. தாங்கள் நம்பியதை மெய்யாகவே நம்பிய மனிதர்களாகக் காட்டப்படுகின்றனர். எல்லாவற்றினும் மேலாக, குருவம்மாள் என்ற தாயின் மாற்றம் மெல்ல மெல்ல, ஒவ்வொரு படியாக நிகழ்வதைக் காட்டியிருக்கும் விதம் மிகவும் நேர்த்தியானது. முடிவை நாம் சொல்லப்போவதில்லை.

சென்ற குளிர்காலத்தில் நமது சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் இதனை ஒன்றாகப் பார்த்தனர். அவ்வீட்டு மூதாட்டியார் திருமயத்துப் பக்கம் பிறந்தவர், எழுபத்தெட்டு வயது. பேத்தி எட்டாம் வகுப்பு மாணவி. பாட்டி தமிழில் கேட்டால் ஹிந்தியில் விடை சொல்லும் வழக்கமுடையவள். முதற்பகுதி ஓடத் தொடங்கியதும் மூதாட்டியார், “இது எங்க பக்கத்துப் பேச்சுல்ல!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாராம். இரண்டாம் நாள் பேத்திக்குப் புரியாத சொற்களுக்கு அவரே பொருள் சொன்னாராம். நான்காம் நாள், பெட்டியை அணைத்த பிறகு எவரும் கேளாமலே, “என்னையும் எட்டாங்கிளாஸோட நிப்பாட்டிப்பிட்டாக” என்றாராம்.

அவருடைய மகன் நம்மிடம் இதைச் சொன்னபோது அவருடைய குரல் சற்றே தழுதழுத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தாயோடு வாழ்ந்தவர் அவர். தாய்க்குப் படிப்பில் நாட்டமில்லை என்றே அதுகாறும் எண்ணியிருந்தார். பூப்படைந்த நாளன்று புத்தகப்பையை அத்தையொருத்தி பரண்மேல் தூக்கி வைத்ததும், கணக்கு வாத்தியார் வீடு தேடி வந்து திண்ணையில் அமர்ந்து வாதாடியதும், தாத்தா அவருக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பியதும் அன்றிரவுதான் அவருக்குத் தெரிந்தது. பேத்தி பாட்டியின் பக்கம் நகர்ந்து, “அப்புறம் என்ன ஆச்சு பாட்டி?” என்று கேட்டாள். தமிழிலேயே கேட்டாள், கேட்டதை அவள் உணரவில்லை. அவ்வீட்டில் அன்று படுக்கச் சென்றபோது மணி பதினொன்றரை.

இதனாலேயே அயலியை முதலில் வைத்தோம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்மக்களும் ஆண்மக்களும் பெற்றோருடன் இருந்து காணத்தக்கது. ஆண்பிள்ளைகளை வேறறைக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று தாய்மார்களை வேண்டிக்கொள்கிறோம். அவர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தியே இது.

தலைவெட்டியான் பாளையம்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் ‘பஞ்சாயத்’ என்னும் ஹிந்தித் தொடரை அறிவர். 2020-இல் தொடங்கிய அத்தொடரின் புலேரா கிராமம் வடநாட்டார் யாவருக்கும் பழக்கமானது. அதன் தமிழ் வடிவம்தான் 2024 செப்டம்பரில் அமேசான் பிரைம் தளத்தில் எட்டுப் பகுதிகளாக வந்த ‘தலைவெட்டியான் பாளையம்’. ஹிந்தி வடிவத்தைப் பார்த்த பிள்ளைகளிலும் தமிழ் வடிவம் ஒன்று உண்டென்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

சென்னையில் பொறியியல் படித்த சித்தார்த் என்ற இளைஞனுக்கு விரும்பிய வேலை கிட்டவில்லை. நெல்லைச் சீமைக் கிராமம் ஒன்றில் ஊராட்சிச் செயலர் வேலை கிடைக்கிறது. அலுவலகமே அவனுக்கு வீடு. மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஊராட்சித் தலைவி ஒரு பெண்மணி. ஆனால் தலைவர் என்று ஊரார் அழைப்பதும், நாற்காலியில் உட்காருவதும் அவருடைய கணவர். அபிஷேக் குமார், சேத்தன், தேவதர்சினி ஆகியோர் முக்கிய பாத்திரங்களில் நடிக்கின்றனர்.

இந்நாடகத்தை நம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவர்கள் நிலையும் சித்தார்த்தின் நிலையே. பேச்சு விளங்கவில்லை, பொழுது போகவில்லை, எப்பொழுது திரும்புவோம் என்று நாளெண்ணுகின்றனர். அந்த அலுப்பைக் குற்றமாகக் கருதாமல், பரிவோடு எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல அதனைக் கரைக்கும் கதை இது. மேலும், 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், தமிழகம் 2016-இல் அதனைச் சரிபாதியாக உயர்த்தியதும் பாடப் புத்தகத்தில் இரண்டு வரிச் செய்திகள். அச்சட்டம் ஒரு சமையலறை வாசலில் எப்படித் தயங்கி நிற்கிறது என்பதைச் சிரிக்கச் சிரிக்க இங்கே காணலாம்.

குறையொன்றும் சொல்லிவிட வேண்டும். பல காட்சிகள் ஹிந்தி வடிவத்தை அடியொற்றியே செல்கின்றன. நெல்லை மண்ணுக்கே உரிய சிக்கல்களை இன்னும் துணிந்து எடுத்திருக்கலாம். ஆயினும் இக்குறையே நமக்கு ஒரு நன்மையாகவும் அமைகிறது. முன்பே கதை தெரிந்த பிள்ளைக்குத் தமிழ்ப் பேச்சைப் பின்தொடர்வது எளிது. ஹிந்தியில் சிரித்த இடத்தில் தமிழில் ஏன் இன்னும் அதிகமாகச் சிரிப்பு வருகிறது என்று அவனே ஒப்பிட்டுப் பார்ப்பான். பக்கத்து வீட்டு நண்பனையும் அழைத்து உட்காரவைத்து, “எங்க ஊர்ல இப்படித்தான்” என்று பெருமையோடு சொல்வான்.

விடாது கருப்பு

தலைவெட்டியான் பாளையத்தை இயக்கியவர் நாகா. இப்பெயரைக் கேட்டதும் நம்மில் நாற்பது வயதைக் கடந்தோர் நிமிர்ந்து உட்காருவர். 1990-களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ கதையை இயக்கியவர் அவரே. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். வியப்பென்னவென்றால், இன்று தலைவெட்டியான் பாளையத்தில் கணவன் மனைவியாக வரும் சேத்தனும் தேவதர்சினியும் அன்று விடாது கருப்பில் நடித்த இளம் நடிகர்கள். பிற்பாடு வாழ்க்கையிலும் தம்பதியரானவர்கள். தாய் தந்தையர் தம் இளமையில் பார்த்த முகங்களையே பிள்ளைகள் இன்று வேறு வயதில், வேறு வேடத்தில் காண்கின்றனர். ஒரு வீட்டில் பேச்சைத் தொடங்கிவைக்க இதனினும் நல்ல வாய்ப்பு வேண்டுமோ?

கருப்பசாமி காவல் காக்கும் ஊர். அங்கே தவறிழைத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தண்டனை பெறுகின்றனர். தண்டிப்பது தெய்வமா, மனிதனா என்பதே மர்மம். அச்சமூட்டும் கதை எனினும், அதன் அடியில் குழந்தைப் பருவத்தில் மனத்தில் விழும் காயம் எவ்வாறு பின்னாளில் வெளிப்படுகிறது என்ற உளவியல் ஆராய்ச்சி இருக்கிறது. சந்தேகம் கொள்வோரும் நம்பிக்கை கொள்வோரும் ஒரே வீட்டில் இருந்தால் நல்ல வாக்குவாதம் நடக்கும். கவிதாலயா நிறுவனத்தின் யூடியூப் வழியில் இதனைக் காணலாம். சிறு குழந்தைகள் உறங்கிய பிறகு பார்ப்பது உசிதம். முன் சொன்னவற்றைவிட நீளமானதே. ஆனால் கதை முடிவை அடைந்த தொடர் என்ற உறுதியோடு தொடங்கலாம்.

கதை நேரம்

பாலு மகேந்திராவை ‘மூன்றாம் பிறை’, ‘வீடு’ முதலிய திரைப்படங்களால் அறியாதார் இல்லை. அவர் தொலைக்காட்சிக்கென 52 சிறுகதைகளைக் குறும்படங்களாக ஆக்கினார் என்பதை இளையோர் பலர் அறியார். 2000-ஆம் ஆண்டையொட்டிச் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ‘கதை நேரம்’ என்ற பெயரில் அவை ஒளிபரப்பாயின. சுந்தர ராமசாமி, சுஜாதா, மாலன் முதலிய எழுத்தாளர்களின் கதைகள் அவற்றுள் இடம்பெற்றன. பலவற்றில் மௌனிகா நடித்திருக்கிறார்.

ஒரு கதைக்கு அரைமணிக்கு உட்பட்ட நேரம் போதும். இரைச்சலான பின்னணி இசை கிடையாது. ஒரே முகத்தை மூன்று கோணத்தில் காட்டி மிரட்டும் வேலை கிடையாது. சன்னல் வழியே வரும் வெளிச்சமும், தெருவில் போகும் சைக்கிள் மணியோசையும், நடுத்தரக் குடும்பத்தின் கூடமும் அப்படியே வருகின்றன. எண்பது, தொண்ணூறுகளில் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இவற்றைக் காண்பது தாம் விட்டுவந்த வீட்டின் கதவைத் திறப்பது போலிருக்கும்.

சுந்தர ராமசாமியின் ‘பிரசாதம்’ கதையை எடுத்துக்கொள்வோம். அவசரமாகச் சிறு தொகை தேவைப்படும் ஒரு போலீஸ்காரர். அவரிடம் அகப்படும் ஒரு கோயில் அர்ச்சகர். ஒருவரையொருவர் மிரட்டவும் ஏய்க்கவும் தொடங்கிய இருவர், கதை முடியுமுன் எங்கே வந்து நிற்கின்றனர் என்பதே கதை. பெரிய நிகழ்ச்சி ஏதுமில்லை. ஆனால் பார்த்தபின் மனம் இலேசாகிறது. நல்லவர், கெட்டவர் என்று மாந்தரை இரண்டு மூட்டையாகக் கட்டிவைக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பதரிது.

நாடகத்தைப் பார்த்தபின் மூலக்கதையைத் தேடிப் படிப்பதும், படத்தில் எது மாறியது என்று பேசுவதும் நல்ல பொழுதுபோக்கு. தமிழ் எழுத்து வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குக் கதை முன்பே தெரிந்திருப்பதால் பக்கங்கள் சுமையாக இரா. யூடியூபில் இக்கதைகளில் பல கிடைக்கின்றன. வாரம் ஒன்றாகப் பார்த்தால் ஓராண்டுக்குப் போதும்.

பாரத் ஏக் கோஜ்: தமிழகத்தைப் பற்றிய நான்கு பகுதிகள்

தமிழ்ச் சங்க இதழில் ஹிந்தித் தொடர் ஏன் என்று அன்பர்கள் வினவலாம். ஜவாஹர்லால் நேரு 1944-இல் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டு, ஷியாம் பெனகல் 53 பகுதிகளாக உருவாக்கிய தொடர் இது. 1988-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ரோஷன் சேத் நேருவாகத் தோன்ற, ஓம் பூரி வருணனை செய்தார். தொடர் புகழ் பெற்றதே. ஆனால் அதில் சங்ககாலமும் சிலப்பதிகாரமும் இரண்டு பகுதிகளிலும், சோழப் பேரரசு இரண்டு பகுதிகளிலும் இடம்பெற்றிருப்பதை நம்மவரே மறந்துவிட்டனர்.

கண்ணகி வழக்குரைக்கும் காட்சி ஹிந்தி மொழியில் நாடு முழுவதற்கும் காட்டப்பட்டது என்பது சிறிய செய்தியன்று. நம் பிள்ளைகளின் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் மௌரியரும் முகலாயரும் பெறும் இடத்தைச் சோழர் பெறுவதில்லை என்ற மனக்குறை நமக்கு உண்டு. அக்குறையை வகுப்பில் முறையிடுவதைவிட, வகுப்புத் தோழர்களை வீட்டுக்கு அழைத்து அவர்களுக்குப் புரியும் மொழியிலேயே இந்நான்கு பகுதிகளைக் காட்டுவது பயன் தரும். காட்டியபின் நம் பிள்ளை இளங்கோவடிகளைப் பற்றி நான்கு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். சொல்வதற்காகவே அவன் தாத்தாவிடம் வந்து கேட்பான்.

இன்றைய படங்களின் பளபளப்பு இதில் இல்லை. அரங்க அமைப்பும் ஆடையணிகளும் எளியவை. கதை நிதானமாகச் செல்லும். முதல் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் பிறகு பொறுக்க வேண்டிய அவசியம் இராது. பிரசார் பாரதியின் பழந்தொகுப்பிலிருந்து யூடியூபில் காணலாம்.

பெரியவர்களுக்கு மட்டும் இரண்டு

பிள்ளைகள் உறங்கிய பிறகு பெரியவர்கள் பார்க்கத்தக்கவை இரண்டு உண்டு. இரண்டும் ஜீ5 தளத்தில் உள்ளவை. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கி 2022 பிப்ரவரியில் வந்த ‘விலங்கு’ ஏழு பகுதிகளைக் கொண்டது. திருச்சி வட்டாரத்துக் காவல் நிலையம் ஒன்றில் நடக்கும் கொலை விசாரணை. விமல் துணை ஆய்வாளராக நடித்திருக்கிறார். காவல் நிலையத்தின் அன்றாடம், அதிகாரிக்கு அஞ்சும் காவலர், வீட்டில் காத்திருக்கும் மனைவி என்று எல்லாமே மெய்போல் இருக்கின்றன. வன்முறைக் காட்சிகள் கடுமையானவை என்பதை முன்னதாகவே எச்சரித்துவிடுகிறோம்.

பாலாஜி செல்வராஜ் இயக்கி 2025 ஜூலையில் வந்த ‘சட்டமும் நீதியும்’ சிறியது. சிறுசிறு பகுதிகள் ஏழு. நீதிமன்ற வாசலில் மேசை போட்டு நோட்டரி முத்திரை குத்திக் காலம் தள்ளும் ஒரு வழக்கறிஞர், சொந்த மக்களாலேயே மதிக்கப்படாதவர், ஓர் ஏழைத் தகப்பனுக்காக வழக்காட முன்வருகிறார். நடிகர் சரவணன் அவ்வேடத்தை மிகையின்றிச் செய்திருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் தம் சொல் எடுபடவில்லையே என்று மனம் சோர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இது ஆறுதல் தரும்.

பார்க்கும் முறை

எதனைப் பார்ப்பது என்பதோடு எவ்வாறு பார்ப்பது என்பதும் முக்கியம். நமது அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவதாக, ஓர் இரவுக்கு ஒரு பகுதி, மிஞ்சினால் இரண்டு போதும். எட்டுப் பகுதியையும் ஒரே நாளில் விழுங்கிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. மறுநாள் வரை காத்திருக்கும் அந்த இடைவெளியில்தான், காலை உணவின்போது, “அவள் மாட்டிக்கொள்வாளா?” என்ற கேள்வி பிறக்கிறது.

இரண்டாவதாக, ஒலியைத் தமிழிலேயே வைக்கவும். பிள்ளைக்குப் புரியாதே என்று ஹிந்திக் குரலுக்கு மாற்றிவிடும் வீடுகள் உண்டு. அவ்வாறு செய்தால் மருந்தைக் கொட்டிவிட்டுப் புட்டியைக் கொடுத்ததாகும். வேண்டுமானால் கீழே ஆங்கில எழுத்து ஓடட்டும். சில நாளில் கண் எழுத்தைவிட்டுத் தானே மேலே போய்விடும்.

மூன்றாவதாக, வீட்டிலுள்ள மூத்தோரே உரையாசிரியராக இருக்கட்டும். நெல்லைப் பேச்சுக்கும் மதுரைப் பேச்சுக்கும் என்ன வேறுபாடு, பரண் என்றால் என்ன, திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் என்ன தூரம் என்பவை அகராதியில் உயிரோடு கிடைப்பவை அல்ல. பிள்ளைகளுக்கு முன்னால் தாங்கள் அறிந்தவர்களாக இருக்கும் வாய்ப்பு, கைப்பேசியை இயக்கவும் பேரனைக் கேட்க வேண்டியிருக்கும் இக்காலத்தில், பெரியவர்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

நமது நண்பர் ஒருவர் இக்கட்டுரையின் திட்டத்தைக் கேட்டுவிட்டு, “தமிழ் வளர்க்க வேண்டிய சங்கம் தொலைக்காட்சி பார்க்கச் சொல்வதா? ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி எழுதுங்கள்” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வகுப்புக்கு மாற்றாக எதையும் நாம் சொல்லவில்லை. வகுப்பிலே எழுத்தும் இலக்கணமும் கற்கலாம். ஆனால் கெஞ்சுவது, கிண்டல் செய்வது, சண்டை போட்டுச் சமாதானம் ஆவது, மனத்திலுள்ளதைச் சொல்லாமற் சொல்வது ஆகியவற்றை எந்த வகுப்பும் கற்பித்ததில்லை. அவை கேட்டுக் கேட்டு வருபவை. ஊரிலே தெருவும் குழாயடியும் தேர்முட்டியும் இவற்றைக் கற்பித்தன. இங்கே நம் பிள்ளைகளுக்கு அந்தத் தெரு இல்லை. நல்ல நாடகம் அந்தத் தெருவின் ஓர் ஓரத்தையேனும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. பாட்டியின் தமிழ் அவரோடு முடிந்துவிடுமோ என்ற அச்சம் நம்மில் ஒவ்வொருவருக்கும் உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவே.

மேலே சொன்ன மூதாட்டியாரைச் சென்ற மாதம் மீண்டும் கண்டோம். அயலியைப் பற்றிக் கேட்டோம். “நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, பேத்தி வாங்கிக் கொடுத்த கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். தாம் படித்த பள்ளி, கணக்கு வாத்தியார், உடன் படித்த பெண்கள் ஆகிய விவரங்களைப் பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதிவருகிறாளாம். எழுத்துப் பிழைகள் ஏராளம். ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடந்தன. பதினேழு பக்கம் எழுதியிருந்தாள்.

அன்பர்கள் இவற்றுள் எதைப் பார்த்தாலும், பார்த்தபின் தங்கள் இல்லத்தில் நடந்த பேச்சை நமக்கு ஓர் அஞ்சலட்டையளவில் எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். நாம் குறிப்பிடத் தவறிய நல்ல நாடகங்களின் பெயர்களையும் தெரிவிக்கலாம். வரும் இதழ்களில் இடமளிப்போம். இக்குளிர்கால இரவுகள் யாவருக்கும் இனிதே கழிவதாகுக!